பழைய சிடி பிளேயர் வாங்கும்முன்...

1. 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் அசல் சிடி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். சிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கிப் படிக்கப்படுகிறது. லென்ஸ் நகரும் கம்பியில் கிரீஸ் இறுகியிருந்தால், விளிம்பை நெருங்கும்போது பாட்டு திக்கும், தாவும். முதல் பாட்டை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள்.

2. பின்பக்கம் வோல்ட் அளவைப் பாருங்கள். ஜப்பானில் விற்ற செட் 100 வோல்ட்டுக்கானது. நம்மூர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும்.

3. ஹெட்போன் மாட்டி, பாட்டு நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் கெப்பாசிட்டர் உலர்ந்திருக்கலாம்.

4. தட்டு திறக்கவில்லையா? பெரும்பாலும் பெல்ட்தான், மாற்றுவது எளிது.

லேசர் பழுதான செட்டை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பல பழைய மாடல்களுக்கு மாற்று லேசர் இப்போது கிடைப்பதில்லை.