பட்டியலும் ஓர் அமானிதமே



சென்ற ரமளானில் நம் அறக்கட்டளை சார்பில் மளிகைப் பொருட்கள் வழங்கினோம். நான்கு தெருக்களுக்கு நான்கு தன்னார்வலர்கள். அவரவர் விசாரித்தறிந்த குடும்பங்களின் விவரங்களை வாட்ஸ்அப் குழுவில் எழுதி அனுப்பினார்கள். வேலை சுலபமாக முடிந்தது என்றுதான் நினைத்தோம். பிறகு கணக்குப் பார்த்தபோது, ஒரு வீட்டுக்கு இரண்டு பை போயிருந்தது. தாய் ஒருவரிடமும் மகன் இன்னொருவரிடமும் பெயர் கொடுத்திருந்தார்கள். வேறொரு வீட்டுக்கு ஒன்றுமே போகவில்லை. அவர் எழுதியிருப்பார் என்று இவரும், இவர் எழுதியிருப்பார் என்று அவரும் விட்டுவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய தவறும் நடந்தது. முழுப் பட்டியலையும் ஒருவர் படம் எடுத்து அனுப்ப, அது முஹல்லாவின் பொதுக் குழுவுக்குப் போய்விட்டது. பெயர், தெரு, கைபேசி எண், 'கணவர் இல்லை', 'கடன் உள்ளது' என்ற குறிப்புகள் எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் ஒரு சகோதரி பையைப் பிரிக்காமலேயே கொண்டுவந்து வைத்தார். "அரிசி பத்து நாள்ல தீர்ந்துடும். என் பேரு எல்லார் போன்லயும் இருக்குமே" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அந்தத் தவறிலிருந்து கற்றதை இங்கே எழுதுகிறோம்.

எழுதவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். தவணைக் கடனை எழுதிக்கொள்வது, நேர்மையான எழுத்தர், சாட்சிகள் ஆகியவற்றைப் பற்றியே அது பேசுகிறது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் 'தீவான்' என்ற பதிவேடு ஏற்படுத்தப்பட்டு, அதன்படி மக்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. எனவே பட்டியல் போடுவது தவறல்ல. பொது வேலைக்கு அது அவசியம். அதே அத்தியாயத்தின் 271-வது வசனம், தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிட மேலானது என்று கற்றுத்தருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிப்பதுதான் நம் கடமை.

பேச ஓர் இடம், பதிய ஓர் இடம்

வாட்ஸ்அப் குழு பேசுவதற்கு ஏற்றது. 'அஸருக்குப் பிறகு பை கட்ட வாருங்கள்' என்று சொல்ல அதுவே போதும். ஆனால் அது பதிவேடு அல்ல. காலையில் எழுதிய பெயர் மாலைக்குள் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். ஒவ்வொரு கைபேசியிலும் ஒரு நகல் தங்கிவிடும். நடுவில் வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்திகள் பூட்டி அனுப்பப்படுவது உண்மைதான். ஆனால் குழுவில் இருப்பவரே வெளியே அனுப்பினால் அந்தப் பூட்டு உதவாது. 'எல்லோருக்கும் அழி' என்று அழித்தாலும், ஏற்கெனவே சேமித்த படமும் வேறு இடத்துக்குப் போன படமும் அழியாது.

பதிவுக்கு கூகுள் ஷீட்ஸ் போன்ற பொது அட்டவணை போதும், கட்டணம் இல்லை. அதில் பட்டியல் ஒன்றே ஒன்றுதான். நால்வரும் அதிலேயே எழுதுவார்கள். வீட்டின் குடும்ப அட்டை எண்ணை ஒரு பத்தியில் எழுதினால், ஒரே வீடு இரண்டு முறை வந்தால் தெரிந்துவிடும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை 'வெர்ஷன் ஹிஸ்டரி' பகுதியில் பார்க்கலாம். தவறுதலாக அழிந்ததை மீட்கவும் செய்யலாம்.

யார் எதைப் பார்க்க வேண்டும்?

இதில்தான் கவனம் வேண்டும். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வைத்துவிட்டால், அந்த இணைப்பு போகும் இடமெல்லாம் பட்டியலும் போகும். ஆகவே குறிப்பிட்ட நபர்களின் மின்னஞ்சலுக்கு மட்டுமே அனுமதி கொடுக்க வேண்டும். அதிலும் பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல மட்டும், திருத்தவும் என மூன்று வகை அனுமதிகள் உண்டு.

இப்போது நாங்கள் இரண்டு தனிக் கோப்புகள் வைத்திருக்கிறோம். பெயர், முகவரி, குடும்ப அட்டை எண், குடும்ப நிலை உள்ள கோப்பு இருவரிடம் மட்டுமே இருக்கும். மற்றதில் வரிசை எண், தெரு, பொருள், 'கொடுத்தாயிற்று' என்ற நான்கு பத்திகள்தாம். வீடு எது என்பதை அந்தந்தத் தெருவின் தன்னார்வலரிடம் நேரில் சொல்லிவிடுவோம். ஒரே கோப்புக்குள் ஒரு தாளை மறைத்து வைத்தால் போதாது. கோப்பைத் திறக்க முடிந்தவர் அதையும் பார்க்க வழி உண்டு.

கல்வி உதவிக்கு ஆதார் நகல் தேவைப்பட்டால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதைப் பதிவிறக்கலாம். வேலை முடிந்ததும் தணிக்கைக்குத் தேவையான தொகைக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, சொந்த விவரங்களை அழித்துவிடுகிறோம். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்குச் சம்மதம் பெற்றோமோ அதற்கு மட்டுமே விவரங்களைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது.

வீட்டிலும் இதே பாடம்

உம்மாவின் மருத்துவச் செலவை நான்கு பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒரே அட்டவணையில் தேதியோடு எழுதி வாருங்கள். 'நான் கொடுத்தேனே' என்ற மனஸ்தாபம் வராது.

சிகிச்சை உதவி கேட்டு நோயாளியின் படத்தோடு வரும் செய்திகளை அப்படியே முன்னனுப்ப வேண்டாம். தேதி இல்லாத செய்தி, தேவை தீர்ந்த பிறகும், சில வேளை நோயாளி வஃபாத்தான பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் விசாரியுங்கள். உண்மையானால், குடும்பத்தாரின் சம்மதம் கேட்டு, தேதி போட்டு, கொடுக்கக் கூடியவருக்குத் தனியே அனுப்புங்கள்.

சென்ற ரமளானில் வந்த அந்தப் பட்டியல் உங்கள் கைபேசியில் இன்னும் இருந்தால், இன்றே அழித்துவிடுங்கள். இது உங்களிடம் நாங்கள் கேட்கும் உதவி. பணத்தைப் போலவே பிறருடைய பெயரும் நம் கையில் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக, ஆமீன்.