கூரையில் வெயில், வீட்டில் மின்தடை

கிள்ளானில் உள்ள ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கூரையில் சில ஆண்டுகளுக்கு முன் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. காலை 10 மணி, நல்ல வெயில். திடீரென்று அக்குடியிருப்பில் மின்தடை ஏற்படுகிறது. நம் வீட்டு மின்விசிறி மட்டும் நிற்காது என வீட்டார் நம்பியிருந்தனர். ஆனால், அண்டை வீடுகளோடு அவ்வீட்டிலும் மின்சாரம் நின்றுவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் பாட்டியின் இன்சுலின் இருக்கிறது. கதவைத் திறக்காவிட்டால் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர்ச்சி தங்கும். அதற்கு மேலும் தடை நீடித்தால் என்ன செய்வது?

தகடுகளில் பழுது ஏதும் இல்லை. தகடுகள் தரும் நேர்த்திசை மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் என்னும் கருவி மாறுதிசை மின்னோட்டமாக மாற்றுகிறது. நம் நாட்டு மின்கம்பியில் வரும் 50 ஹெர்ட்ஸ் அலைவைப் பின்பற்றியே அது இயங்கும். கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். அவ்வாறு நிற்காவிட்டால், மின்சாரம் இல்லை என்று எண்ணிக் கம்பியைப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து.

இக்குறையைத் தீர்க்கப் பழைய அமைப்பைக் கழற்ற வேண்டியதில்லை. மின்கலத்தையும் அதற்கென ஓர் இன்வெர்ட்டரையும் வீட்டு இணைப்பில் சேர்க்கலாம். மின்தடை ஏற்பட்டதும் ஒரு மாற்றுவிசை வீட்டை வெளிக்கம்பியிலிருந்து முற்றாகத் துண்டிக்கும். பிறகு, மின்கலத்தின் இன்வெர்ட்டர் தானே 50 ஹெர்ட்ஸ் அலைவை உருவாக்கும். அதைக் கண்ட பழைய சூரிய இன்வெர்ட்டர், மின்சாரம் வந்துவிட்டது எனக் கொண்டு மீண்டும் இயங்கத் தொடங்கும்! மின்கலம் நிறைந்தபின் எஞ்சும் மின்சாரம் எங்கே போகும்? அப்போது மின்கலத்தின் இன்வெர்ட்டர் அலைவைச் சற்றே உயர்த்தும். அதை உணர்ந்து சூரிய இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைக்கும் அல்லது நிறுத்திக்கொள்ளும். ஆகவே, பழைய கருவி இம்முறைக்கு ஏற்றதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மின்கலம் வாங்கினால் கட்டணம் குறையும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வீட்டார், 2021-இல் அறிமுகமான நிகர மின்னளவீட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் சேர்ந்தவர்கள். அதன்படி, வெளியே அனுப்பும் ஓர் அலகு மின்சாரத்திற்கு ஈடாக ஓர் அலகு கட்டணத்தில் கழிக்கப்படும்; இச்சலுகை 10 ஆண்டுகளுக்கு உண்டு. மின்கலத்திலோ, சேமித்து எடுப்பதற்குள் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். எனவே, சலுகைக் காலம் முடியும்வரை அவர்களுக்கு மின்கலத்தால் பெரிய சேமிப்பு இல்லை. மின்தடைக்காகவே அதை வாங்க வேண்டும். தகடுகளைக் கூட்டுவதாக இருந்தால், அனுமதி பெற்ற கொள்ளளவை மீறாதிருக்க மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

எவ்வளவு பெரிய மின்கலம் தேவை? குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.5 கிலோவாட் மணி தேவைப்படலாம். 60 வாட் மின்விசிறிகள் இரண்டு 10 மணி நேரம் சுழல 1.2 கிலோவாட் மணி. சில விளக்குகளையும் சேர்த்தால் 3 கிலோவாட் மணி போதும். குளிரூட்டியைச் சேர்த்தால் ஓர் இரவுக்கே இதைவிட அதிகம் வேண்டும். பாட்டியின் அறையில் குளிரூட்டி வேண்டும் என்றார் மகன். பாட்டியோ மின்விசிறியே போதும் என்றார். எனவே, 5 கிலோவாட் மணி மின்கலம் ஒன்றை வாங்க முடிவுசெய்தனர். குளிரூட்டியின் இணைப்பை அதிலிருந்து தனியே பிரித்துவைக்குமாறு மின்பணியாளரிடம் சொல்லிவிட்டனர்.