அந்தமானில் மதியத்துக்கு மேல் காட்டுக்குள் போகாதீர்கள்

கேள்வி: நான், கணவர், 9 வயது மகன், 65 வயது மாமியார் நால்வரும் ஜனவரியில் ஐந்து நாள் அந்தமான் போகிறோம். காலையில் கடற்கரை, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் காட்டுக்குள் நடை என்று கணவர் திட்டம் போட்டிருக்கிறார். சரிவருமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அங்கேயும் நம் இந்திய நேரம்தான். ஆனால் தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளிக் கிடப்பதால், ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். சென்னையைவிட முக்கால் மணி நேரம் முன்னால். மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்பே இருட்டு கட்டிவிடும். 1872 பிப்ரவரியில் வைஸ்ராய் மேயோ பிரபு ஹாரியட் மலையில் அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கியபோது, இருட்டிய படகுத்துறையில்தான் கைதி ஷேர் அலி அவரைக் குத்திக் கொன்றார். உங்களுக்கு அப்படி எதிரிகள் இருக்க மாட்டார்கள். ஆனால் காட்டுப் பாதையில் ஒரு வேர் தடுக்கினாலே போதுமே.

அந்த ஹாரியட் மலைக்கு 2021 முதல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர். உச்சிவரை கார் போகும் என்பதால் மாமியாரும் வரலாம். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கப் படம் இங்கிருந்து தெரியும் காட்சிதான் என்பார்கள். ஒரு நோட்டைக் கையோடு கொண்டுபோய் மகனிடம் காட்டுங்கள். அங்கிருந்து காலாபத்தர் பாறைவரை சுமார் 2 கிலோமீட்டர் நடை, அவனுக்கு அதுவே போதும். மதுபன்வரை இறங்கும் நீண்ட பாதை இந்தப் பயணத்துக்கு வேண்டாம். ஹேவ்லாக்கிலும் காலாபத்தர் என்று ஒரு கடற்கரை உண்டு. ஓட்டுநரிடம் சொல்லும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஹேவ்லாக், நீல் தீவுகளின் பெயர்களும் 2018-இல் மாறிவிட்டன. படகு டிக்கெட்டில் சுவராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று இருந்தால் பதற வேண்டாம்.

ஹேவ்லாக்கில் எலிஃபன்ட் பீச்சுக்குக் காட்டு வழியே முக்கால் மணி நேர நடை. காலை ஏழு மணிக்கே உள்ளூர் வழிகாட்டியோடு கிளம்பிவிடுங்கள். கடைசிப் பகுதி அலையாத்திச் சேறு. கடல் ஏறியிருந்தால் தண்ணீரில் அளைந்துதான் போக வேண்டும். மாமியாரைப் படகுத்துறையிலிருந்து படகில் வரச் சொல்லலாம். இன்னொரு நாள் மூன்று மணிக்கு மேல் ராதாநகர் பீச். அது மேற்கு பார்த்தது, அஸ்தமனத்துக்கு அதைவிட நல்ல இடம் அந்தத் தீவில் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கடற்கரைதான் என் கணக்கு. இரண்டாவதைச் சேர்த்தால் வண்டியில்தான் பொழுது கழியும். எங்கே இறங்கினாலும் ஓடை கடலில் சேரும் இடத்தையும் அலையாத்தி ஓரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை அழகுக்கு வைத்ததல்ல.

நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்குக் கடல் வற்றிய நேரத்தில்தான் நடக்க முடியும். கடல் ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை வற்றும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும். நீலுக்கு அந்த நாளை ஒதுக்குங்கள். வற்றும் மணியை முந்தின நாளே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும் வழியெல்லாம் செத்த பவளப் பாறை, பாசி வழுக்கும்; பின்னால் வார் வைத்த ரப்பர் செருப்பு அவசியம். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் விரல் நீள மீன்கள் ஓடும். கறுத்த புடலங்காய்த் துண்டு போல அசையாமல் கிடப்பது கடல் அட்டை. பார்க்கலாம், தொடக் கூடாது. அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்.

சாயங்காலம் மணலில் உட்காரும் முன் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மணல் பூச்சிக் கடி நாலு நாள் அரிக்கும்.

மகன் பொறுக்கிய பவளத் துண்டுகளைக் கரையிலேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தீவைவிட்டு எடுத்துவர அனுமதி கிடையாது.