பக்கக் கோட்டுக்கு அப்பால்

ரக்பி என்பது இங்கிலாந்தில் வாரிக்சயர் என்னும் பகுதியில் உள்ள ஓர் ஊர். அவ்வூர்ப் பள்ளியில் மாணவர் ஆடிவந்த பந்தாட்டமே ஊரின் பெயரைத் தாங்கி உலகெங்கும் பரவிற்று. 1845ஆம் ஆண்டில் அம்மாணவர்களே கூடித் தம் ஆட்டத்திற்கு விதிகளை எழுதி வைத்தனர். முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை எதிரணியினர் கட்டிப்பிடித்து வீழ்த்துவதும் இவ்வாட்டத்தின் இயல்புகளாம்.

ஊதியம் பெற்று ஆடுவோரின் போட்டிகள் பெரிய அரங்குகளில் நிகழ்கின்றன. அங்கே காண்போருக்கு இருக்கைகளும், இருக்கைகளுக்கு முன்னே தடுப்பும் உண்டு. ஆனால் ஆர்வம் ஒன்றே காரணமாக ஆடுவோரின் போட்டிகள் ஊர்ப் பூங்காக்களில் நடைபெறுகின்றன. நியூசிலாந்து நாட்டில் குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் காலையில் சிறுவரும் பிற்பகலில் பெரியவரும் ஆடுவர். பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் களத்தின் ஓரத்தில் வந்து நிற்பர். குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளி வருவோரும் உண்டு. நாயைப் பிடித்துக்கொண்டு வருவோரும் உண்டு. அவர்களுக்கும் ஆடுவோருக்கும் இடையே இருப்பது புல்லின்மேல் இட்ட வெள்ளைக் கோடு ஒன்றே.

அங்கு நிற்பவர் எவரும் தீங்கு கருதி நிற்பவர் அல்லர். ஓரடி முன்னே வைத்தால் ஆட்டம் நன்றாகத் தெரியுமே என்று ஒருவர் எண்ணுகிறார். அவர் மறைப்பதால் அடுத்தவரும் ஓரடி முன்னே வருகிறார். அரைமணிப் பொழுதில் கோடு காலணிகளின்கீழ் மறைந்துபோகிறது.

களம் எழுபது மீட்டர் வரை அகலமுடையது. எனினும் பந்தை ஏந்தி ஓடுபவர் பலமுறையும் பக்கக் கோட்டை ஒட்டியே விரைவார்; இடைவெளி அங்கேதான் கிடைக்கும். அவரைத் தடுக்க வருபவருக்கோ அவரைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுவதே எளிய வழி. ஆகவே, இருவர் ஒருவரையொருவர் பற்றியவாறு வெளியே வந்து விழுவது தற்செயலாக நேர்வது அன்று. ஆட்டத்தின் ஒரு கூறே ஆகும். நூறு மீட்டரைப் பன்னிரண்டரை நொடியில் கடக்கும் விரைவோடு ஒருவர் ஓடி வருவதாகக் கொள்வோம். ஐந்து மீட்டரைக் கடக்க அவருக்கு ஒரு நொடியும் வேண்டுவதில்லை. அவரது எடை நூறு கிலோகிராம் இருத்தலும் அரிதன்று. ஈரப் புல்லில் அவரால் நினைத்த இடத்தில் நிற்க இயலாது. களத்தைச் சுற்றி, இயன்றவரை ஐந்து மீட்டருக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும் என்று ரக்பி விதிகள் கூறுவதன் காரணம் இதுவே. அவ்வளவு இடம் மிகுதி என்று எனக்குத் தோன்றவில்லை.

மோதலை எதிர்பார்த்து உடலை இறுக்கிக்கொள்ளும் பயிற்சி ஆடுவோருக்கு உண்டு. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்பவருக்கு அஃது இல்லை. தரையில் அமர்ந்து விளையாடும் குழந்தைக்கு எவ்வாறு இருக்கும்? ஆடுபவருக்கும் இதனால் இடர் உண்டு. கோட்டின் அருகே ஒரு குழந்தையைக் கண்டவர் நொடிப்பொழுது தயங்குவார். பிடிப்பதா விடுவதா என்ற அத்தயக்கத்தில் தலையையும் தோளையும் வைக்கவேண்டிய முறையில் வைக்கத் தவறுவார். கழுத்தில் அடிபடுதல் இத்தகைய அரைகுறைப் பிடியாலும் நேரக்கூடும்.

முற்காலத்தில் பந்து வெளியே சென்றால், அதனை ஓடிச்சென்று முதலில் தொட்டவர் அணிக்கே அதை உள்ளே எறியும் உரிமை கிடைத்தது. அதனாலேயே கோட்டுக்கு வெளிப்புறம் இன்றும் 'டச்', அதாவது 'தொடுகை', எனப்படுகிறது. இன்றைய விதி ஒன்றும் காண்போர் அறியத்தக்கது. வெளியே சென்ற பந்தை ஓர் ஆட்டக்காரர் எடுத்து உடனே எறிந்து ஆட்டத்தைத் தொடரலாம். ஆனால் வேடிக்கை பார்ப்பவர் ஒருவர் அதைத் தொட்டுவிட்டால் அவ்வாய்ப்புப் போய்விடும். உதவும் எண்ணத்தோடு பந்தை எடுத்துக் கொடுத்தவர், தம் அணிக்கே கேடு செய்தவராவார்!

கோட்டுக்கு வெளியே கொடி பிடித்து ஓடும் துணை நடுவரின் நிலையும் எண்ணத்தக்கது. அவர் கண் களத்தின்மேல் இருக்கும். காலடியில் கிடக்கும் பையையோ நீர்க்குப்பியையோ அவர் காணார்.

கயிறு கட்டுவது நல்ல வழிதான். ஆயினும் அதனைத் தாங்கும் இரும்புக் கம்பிகள் கோட்டை ஒட்டி நின்றால், அவையே ஆடுவோரைக் காயப்படுத்தும். கயிறு இல்லாத இடத்தில் இரண்டாவது கோடு ஒன்றை வெளியே வரைந்துவிடுவதும் உண்டு. எதுவாயினும், காவல் செய்ய ஆள் இல்லையேல் பயன் சிறிதே. மக்கள் கயிற்றின்மேல் சாய்வர். பின்பு குனிந்து உள்ளே வருவர். நிறம் மிக்க மேலாடை அணிந்த ஒருவர் ஆட்டம் முழுவதும் ஓரத்தில் நடந்து, "ஐயா, சற்றுப் பின்னே நில்லுங்கள்" என்று இன்சொல்லால் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். எவரும் விரும்பி ஏற்கும் பணி அன்று அது. அவருக்கு ஆட்டத்தில் பாதியும் காணக் கிடைக்காது.

ஆட்டம் முடிவதற்குச் சில நிமிடங்களே எஞ்சியிருக்கும். ஓர் அணி மூன்று புள்ளிகள் பின்தங்கியிருக்கும். பந்து மூலைக் கொடியை நெருங்க, கூட்டம் முழுவதும் அம்மூலைக்கு ஓடிக் கோட்டின்மேல் வந்து நெருக்கும். அப்போது நடுவர் ஊதலை ஊதி நேரத்தை நிறுத்துகிறார். கூட்டத்தை நோக்கிக் கையைக் காட்டுகிறார். முணுமுணுப்பு எழுகிறது, குழந்தை வண்டிகள் பின்னே இழுக்கப்படுகின்றன. வெள்ளைக் கோடு மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்த பின்னரே அவர் ஆட்டத்தைத் தொடங்குகிறார்.