கட்டி வைத்த சுவடி

திரிகூட மலையில் தோன்றிக் குற்றாலத்தில் அருவியாய் வீழும் சிற்றாறு, தென்காசி வயல்களை வளஞ்செய்து செல்கின்றது. அவ்வயல்களின் வரப்புகளில் வளை தோண்டி வாழும் எலியை உழவர் பகையெனக் கருதுவர். ஆயின், உயிர்நூல் வல்லார்க்கு எலியினம் ஓர் ஆசானாகும். தென்காசிக்குப் பெயர் தந்த வடகாசியில், இந்துப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் இந்திய வயலெலிகளின் குரோமோசோம்களை நெடிது ஆராய்ந்துள்ளனர். எலியினம் உலகிற்குக் கற்பித்த அரிய பாடங்களுள் ஒன்று வருமாறு:

சுண்டெலியின் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவிலும் மரபுச் செய்திகளைத் தாங்கும் குரோமோசோம்கள் 40 உள. அவற்றுள் எக்ஸ் எனப்படுவது பெண்ணெலிக்கு இரண்டு, ஆணெலிக்கு ஒன்றே. இரண்டும் ஒருங்கே தொழிற்படின், பெண்ணுடலில் அவற்றின் விளைபொருள் இருமடங்காகும். அளவு மிகின் அமிழ்தும் நஞ்சன்றோ? ஆதலின், பெண்கரு வளரத் தொடங்கிய சில நாள்களிலேயே ஒவ்வோர் உயிரணுவிலும் ஓர் எக்ஸ் ஓய்வு பெறுகின்றது. இதனை 1961-இல் மேரி லயன் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர், எலிகளின் மயிர் நிறத்தைக் கொண்டு உய்த்துணர்ந்தார். சில அணுக்களில் தாய்வழி எக்ஸும் சிலவற்றில் தந்தைவழி எக்ஸும் ஓய்வதனாலேயே, சில பெண்ணெலிகளின் மேனி இருநிறத் திட்டுகளாய் விளங்குகின்றது.

அவ்வோய்வு எங்ஙனம் நிகழ்கின்றது? டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மீது சுற்றப்பெற்று அமைவதே குரோமாட்டின். தொழிற்படும் குரோமாட்டின், படிப்பதற்கு விரித்த ஓலைச்சுவடி போல்வது. ஓய்ந்தது, கயிற்றால் இறுகக் கட்டிய சுவடி போல்வது. 1991-இல் கண்டறியப்பட்ட எக்ஸிஸ்ட் என்னும் ஆர்.என்.ஏ., தான் தோன்றிய குரோமோசோமையே முதற்கண் போர்த்துக்கொள்கின்றது. மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதி அவ்விடம் விட்டு அகல்கின்றது. ஹிஸ்டோன்களில், விரிநிலைக்கு அடையாளமான அசிட்டைல் நீங்க, அடக்கத்திற்கு அடையாளமான மெத்தில் சேர்கின்றது. பின்னர் டி.என்.ஏ.விலும் மெத்தில் படிய, கட்டு உறுதியாகின்றது. அவ்வணு பலவாய்ப் பிரியினும், அதன் வழித்தோன்றல்கள் அனைத்திலும் அதே எக்ஸ் கட்டுண்டே இருக்கும்.

இக்கட்டு அமையாவிடில் விளைவது யாது? எலியின் நஞ்சுக்கொடியில் தந்தைவழி எக்ஸே ஓய்வது இயல்பு. 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எக்ஸிஸ்ட் மரபணு சிதைக்கப்பட்ட எக்ஸைத் தந்தையிடமிருந்து பெற்ற பெண்கருக்கள் தாய் வயிற்றிலேயே மாய்ந்தன.

எனினும், கட்டிய சுவடியில் எழுத்து அழிவதில்லை. கருமுட்டைக்கு முதலாகும் அணுக்களில் அக்கட்டு மீண்டும் அவிழ்கின்றது. அடுத்த தலைமுறைக்குச் சுவடி குறைவின்றிச் சேர்கின்றது. பேசுதற்குரியது உரிய காலத்து அடங்கியிருத்தலும் உயிரைக் காக்கும் என்பதற்கு இச்சிற்றுயிரின் உடலே சான்றாகும்.