தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு யார் பணம் கட்டினார்கள்?

1896ஆம் ஆண்டு, மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் மரங்களை நட்டார். பிறகு புக்கிட் அசாஹான் போன்ற இடங்களிலும் தோட்டங்கள் பரவின. காடு அழிந்ததும் ஓடைகளின் மீது வெயில் விழுந்தது. அத்தகைய நீரில்தான் மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு முட்டையிடும். கப்பலேறி வந்த தமிழர்கள் பால் மரம் சீவக் கற்றுக்கொள்ளும் முன்பே காய்ச்சலில் படுத்தனர்.

தொழிலாளர்களின் மருத்துவச் செலவு தோட்ட முதலாளியின் பொறுப்பு என்றது அன்றைய சட்டம். பெரிய தோட்டத்தால் அது முடியும். சிறிய தோட்டம் தனியாக ஒரு மருத்துவரை வைத்துக்கொள்ள முடியுமா? எனவே பல தோட்டங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே மருத்துவமனையை நடத்தின. மலாக்காவில் இதற்கென விவசாய மருத்துவ வாரியமே இயங்கியது. அன்றாடம் தோட்டத்து மக்கள் பார்த்தது மருத்துவரை அல்ல, டிரஸரைத்தான். காலைப் பெரட்டில் அவர் கொடுத்த கொய்னா மருந்தின் கசப்பு, இரண்டு தலைமுறைக்குப் பேச்சாக இருந்தது.

வெளிநாட்டு நிதியும் வந்தது. 1915 முதல் 1917 வரை, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு மலாயாவில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. மருந்து புழுவை வெளியேற்றும். ஆனால் கழிப்பறை இல்லாத இடத்தில், வெறுங்காலோடு நடப்பவரின் உடலில் அது மீண்டும் புகுந்துவிடும். மருந்துக்குப் பணம் கிடைப்பது எளிது. கழிப்பறைக்குப் பணம் ஒதுக்கத்தான் பலரும் தயங்கினர்.

1953இல் கிராமச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உதவின. கெடா மாநிலத்தின் ஜித்ராவில் பணியாளர்கள் பயிற்சி பெற்றனர். 50,000 பேருக்கு ஒரு முதன்மை நிலையம், அதன்கீழ் நான்கு துணை நிலையங்கள், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி என்பது திட்டம். கட்டடமும் சம்பளமும் அரசின் பொறுப்பு. வெளியுதவி நின்ற பிறகும் சேவை நிற்காததற்கு இதுவே காரணம் எனலாம்.

ஆனால் கம்பத்தை மனத்தில் வைத்துத் தீட்டிய திட்டம் அது. தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளவர்களை முதலாளி பார்த்துக்கொள்வார் என்று விடப்பட்டது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பங்குப் பணம் கட்டி வந்தவர்களும் குறைந்தனர். ஒரு பக்கம் முதலாளியின் ஆஸ்பத்திரி மூடப்பட, மறுபக்கம் அரசாங்கக் கிளினிக் பல மைல் தள்ளி இருந்தது. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அந்தத் தூரம் சிறிய தூரமல்ல.

இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் உள்ள அரசாங்கக் கிளினிக்குகளில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். மலேரியாவின் இடத்தை இப்போது இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் பிடித்துக்கொண்டன. மாதந்தோறும் மருந்து வாங்க வரும் முதியவர்களுள் பழைய தோட்டத்துக்காரர்களும் உள்ளனர். ஒரு ரிங்கிட்டைவிட, போக வர ஆகும் வாடகை வண்டிக் காசுதான் அவர்களுக்குப் பெரும்பாடு.