தாவாங்கட்டையில் அடி... டாக்டர் தொட்டதோ காதோரம்!



என் தம்பிக்கு ஆறு வயசு. விடுமுறையில் சைக்கிள் கத்துக்கிறேன் என்று கிளம்பியவன் தெருமுனையில் 'தொபுக்கடீர்' என்று விழுந்தான். தாவாங்கட்டை கிழிந்து ஒரே ரத்தம். அம்மா காபிப்பொடி டப்பாவோடு ஓடி வந்தாங்க. பக்கத்து வீட்டு அத்தைதான், "அதெல்லாம் அப்பாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று தடுத்தாங்க.

டாக்டர் மூன்று தையல் போட்டார். அதோடு விடவில்லை. தம்பியின் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துக்கொண்டு, "வாயை நல்லாத் தொற... மூடு... பல்லு எப்பவும் போல சேருதா?" என்று கேட்டார். எனக்கு ஒரே குழப்பம். "அடிபட்டது தாவாங்கட்டையில தானே டாக்டர்? காதுகிட்ட ஏன் பாக்கறீங்க?" என்றேன். "தாடை வளர்ற இடம் அங்கதான் பாப்பா இருக்கு" என்றார்.

அந்த ஒரு வரிக்கு விளக்கம் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வையுங்கள். வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஏதோ ஒன்று உருண்டு முன்னால் போய்த் திரும்பி வருகிறதா? அதுதான் கீழ்த்தாடை எலும்பின் குமிழ் முனை. மண்டையோட்டில் உள்ள ஒரு சிறு குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு. குமிழின் மேலே மெல்லிய குருத்தெலும்பு. நாம் பேச, கொட்டாவி விட, முறுக்கு கடிக்க, எல்லாவற்றுக்கும் இந்த மூட்டுதான் உழைக்கிறது.

சிறு வயதில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பிறந்த குழந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? நெற்றி பெரிசு, தாடை குட்டி. அப்போது மூளைப்பெட்டியின் அளவில் முகம் சுமார் எட்டில் ஒரு பங்குதான். பெரியவர்களாகும்போது கிட்டத்தட்ட பாதி அளவுக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் தாடை எங்கே வளர்ந்தது? முன்னாலா, பின்னாலா?

பன்றியும் சிவப்புச் சாயமும்

18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். பன்றிகளுக்குத் தீனியோடு மஞ்சிட்டி வகைச் செடியின் வேரைக் கொடுத்து எலும்பு வளர்ச்சியை ஆராய்ந்தார். அதைத் தின்னும் நாட்களில் புதிதாக உண்டாகும் எலும்பு சிவப்பாகிவிடும்! எது பழைய எலும்பு, எது புதுசு என்று பார்த்தாலே தெரியும். பற்களைப் பற்றி 1771-இல் ஒரு புத்தகமும் எழுதினார். தாடையின் பின்பக்கம் எலும்பு சேர்கிறது, மேலேறும் பகுதியின் முன்விளிம்பு கரைகிறது, அப்படித்தான் கடைவாய்ப் பற்களுக்கு இடம் கிடைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

மனிதக் குழந்தைகளில் இதை அளந்தவர் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரைச் சேர்ந்த ஆர்னே பியோர்க். 1950-களில் பிள்ளைகளின் தாடை எலும்பில் கடுகு போன்ற சின்னஞ்சிறு டான்டலம் உலோகத் துண்டுகளைப் பதித்தார். அந்த உலோகம் உடம்புக்கு ஒத்துப்போகும், எக்ஸ்ரேயிலும் பளிச்சென்று தெரியும். ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்து, முந்தின ஆண்டுப் படத்தின் மேல் வைத்து ஒப்பிட்டார். தாவாங்கட்டையின் முன்பக்கம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் காதோரக் குமிழில்! அவர் பார்த்த பையன்களில் அது ஆண்டுக்குச் சராசரியாக 3 மில்லிமீட்டர். 14, 15 வயது வாக்கில், வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது, 5 மில்லிமீட்டருக்கும் மேல்!

மூங்கிலா, பட்டமா?

அப்படியென்றால் அந்தக் குருத்தெலும்புதான் தாடையை முன்னால் தள்ளுகிறதா? விஞ்ஞானிகள் இதைப் பற்றிப் பல வருஷம் வாதாடினார்கள்.

நம் கால் எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு மூங்கில் குருத்து மாதிரி. அதன் செல்கள் காசு அடுக்கியது போல வரிசையாக நின்று, தானே உந்தி வளரும். தாடைக் குமிழில் உள்ள செல்களுக்கு அந்த வரிசை கிடையாது. விலங்குகளிடமிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்து வளர்த்துப் பார்த்தபோது, கால் எலும்பின் தட்டு தொடர்ந்து வளர்ந்தது. தாடைக் குருத்தெலும்பு அந்த அளவுக்கு வளரவில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த மெல்வின் மாஸ் 1960-களில் சொன்ன விளக்கம் வேறு: முகத்தின் தசைகளும் மற்ற திசுக்களும் வளர்ந்து, வேலை செய்து, தாடையை முன்னால் கொண்டுபோகின்றன, பின்னால் விழும் இடைவெளியைக் குருத்தெலும்பு நிரப்புகிறது. பட்டம் விடும்போது பட்டம் இழுக்க இழுக்க நாம் நூல் விடுகிறோமே, அது மாதிரி! பிரான்ஸில் அலெக்சாந்தர் பெட்ரோவிச் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், தாடையின் நிலையும் தசையின் வேலையும் மாறினால் இந்தக் குருத்தெலும்பின் வளர்ச்சியும் மாறுவது தெரிந்தது.

சுருக்கமாகச் சொன்னால், இது அசைவைக் கேட்டு வளரும் குருத்தெலும்பு.

தம்பி கதைக்கு வருவோம்

தாவாங்கட்டை தரையில் மோதினால் அந்த அதிர்ச்சி எலும்பு வழியாக மேலேறிக் காதோரக் குமிழுக்குப் போய்விடும். வெளியே சின்னக் காயம், உள்ளே குமிழின் கழுத்தில் முறிவு என்று ஆகலாம். அதனால்தான் டாக்டர் அங்கே தொட்டுப் பார்த்தார்.

பயப்பட வேண்டாம். குழந்தைகளுக்குக் குமிழ் முறிந்தாலும் பெரும்பாலும் அது திரும்ப உருவாகித் தாடை நன்றாகவே வளர்கிறது என்று 1960-களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் கவனிக்காமல் விட்டு, மூட்டு இறுகி எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. வாய் திறக்காது. சாப்பிடவும் பல் தேய்க்கவும் திண்டாட்டம். அசைவு நின்றதால் வளர்ச்சியும் குறைந்து தாடை சிறுத்துவிடும், அல்லது ஒரு பக்கம் கோணிவிடும். காதில் வரும் கடுமையான சீழ்த்தொற்று பரவினாலும் இப்படி ஆகலாம். இதற்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. ஆனாலும் முதலிலேயே காட்டிவிட்டால் பெரும்பாடு மிச்சம்.

தாவாங்கட்டையில் அடிபட்டால் இவற்றைப் பாருங்கள்:
* மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்போல் சேருகிறதா?
* வாய் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் இழுக்கிறதா?
* காதுக்கு முன்னால் வலியோ வீக்கமோ, காதில் ரத்தமோ உண்டா?
* அவரவர் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் நுழைகிறதா?

ஒன்று சரியில்லை என்றாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டணும். எக்ஸ்ரே தேவையா, எவ்வளவு நாள் கஞ்சி, எப்போது வாய்ப் பயிற்சி என்று அவர் சொல்வார். வலிக்குது என்று வாயை மூடியே வைத்திருக்கக் கூடாது.

ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. இந்தக் குமிழின் மேற்பரப்பில் குருத்தெலும்பை உருவாக்கக்கூடிய ஸ்டெம் செல்கள் இருப்பதை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்டது. முயல்களின் காயப்பட்ட தாடை மூட்டில் அந்தச் செல்களைக் காக்கும் ஒரு புரதத்தைச் செலுத்தியபோது குருத்தெலும்பு சீரானது. மனிதர்களுக்கும் அப்படி ஒரு சிகிச்சை வந்தால் எத்தனை பேருக்கு நிம்மதி!

கடைசியாக ஒரு வேண்டுகோள். தாடை சிறுத்தவர்களையோ கோணியவர்களையோ பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடாதீர்கள். பிறவியிலேயே அப்படி இருக்கலாம். சின்ன வயசில் விழுந்த ஒரு விழுகையாகவும் இருக்கலாம்.

என் தம்பிக்கு முறிவு எதுவும் இல்லை. தையல் பிரித்த அன்றே முறுக்கு கேட்டான். மூட்டு நல்லா வேலை செய்யுது என்று அம்மா சிரிச்சாங்க!

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி